வள்ளலாரைச் சபையிலிருந்து படிப்பதா, சாலையிலிருந்து படிப்பதா?

கேள்வி, 12 ஜனவரி 2025

வள்ளலாரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒன்று, தண்ணீரில் விளக்கெரிந்தது. இன்னொன்று, பூட்டிய அறைக்குள் மறைந்தது. இந்த இரண்டிலும் நம்பிக்கை இல்லாத ஒருவன் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அன்னதானம் என்று சொல்லாதீர்கள். அதை எல்லா மடமும் கோயிலும் செய்கின்றன.

12 ஜனவரி, இரவு

அன்னதானம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை.

முதலில் வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1865ல் சன்மார்க்க சங்கம் தொடங்குகிறார். 1867 மே 23ல் வடலூரில் சத்திய தருமச்சாலை. சத்திய ஞானசபை திறந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. சாப்பாடு போடும் இடம் வந்து நாலரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஜோதி காட்டும் இடம் வருகிறது. மற்ற இடங்களில் கோயில் முதலில் வரும், மடைப்பள்ளி அதற்குள் ஓர் ஓரமாக இருக்கும். இங்கே அடுப்பை முதலில் மூட்டிவிட்டார். அந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

13 ஜனவரி

நேற்று எழுதியதற்கு வந்த பதிலில் ஒருவர், "பஞ்ச காலம், அதனால் சாலை வைத்தார், இதில் தத்துவம் ஏது" என்கிறார். பஞ்சம் உண்மைதான். 1866ல் ஒரிசாவை அழித்த பஞ்சம் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் விடவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னது 1876-78ல், அவர் மறைந்த பிறகு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாலை வந்தது. ஆனால் பஞ்சத்துக்காகக் கஞ்சித்தொட்டி வைப்பவர்கள் பஞ்சம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பசி என்பது ஒரு கெட்ட வருஷத்தில் வந்துபோகிற விஷயம் என்று அவர் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உயிருக்கும் வருகிற ஆபத்து என்று நினைத்தார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

கேள்வி கேட்டவர் அதைப் படித்திருக்கிறாரா? பாட்டு தெரிந்த பலருக்கு அந்த உரைநடை தெரியாது.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

அந்த நூலில் பசித்தவனின் உடம்பை அவர் விவரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கண் பஞ்சடைந்து குழிந்து போகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு உலர்ந்து வறளுகிறது, கை கால் துவளுகிறது, பேச்சு குளறுகிறது, பற்கள் தளருகின்றன, மேனி கருக்கிறது, எலும்பின் பூட்டுகள் நெக்குவிடுகின்றன, இதயம் வேகிறது, மூளை சுருங்குகிறது, ஈரல் கரைகிறது. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். இது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுத்து. மேடையிலிருந்து கருணை பேசுகிறவருக்கு ஈரல் வரைக்கும் போகத் தோன்றாது. இதற்கெல்லாம் முன்னால், பசி ஏறினால் அறிவு கலங்கி உள்ளே இருக்கிற கடவுள் விளக்கம் மறைந்துபோகிறது என்கிறார். அதாவது அவர் கணக்கில் பசித்தவனுக்குச் சோறு போடுவது புண்ணியம் சேர்க்கிற காரியம் இல்லை. ஒரு கோயில் இடிந்து விழுவதை நிறுத்துகிற காரியம். மற்ற அன்னதானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஜீவகாருண்யம்தான் மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் எழுதியதை நாம் அழகான வாசகமாகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அவர் அதைச் சொல்லணியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார்.

15 ஜனவரி, பொங்கல் முடிந்து

"வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்று ஒருவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதுவே எல்லாவற்றுக்கும் பதில் என்பதுபோல. இந்த ஒரு வரியை நாம் எல்லாரும் சேர்ந்து மரம் நடும் விழா வாசகமாக மாற்றிவிட்டோம். மீதிப் பாட்டை யாரும் சொல்வதே இல்லை. அடுத்த வரிகள் இவை:

"பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த
வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என்
நேருறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ்
சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்"

பயிருக்கு வாடியதோடு பாட்டு நிற்கவில்லை. வீடு வீடாய்க் கேட்டும் வயிறு நிறையாதவர்கள், தீராத நோய்க்காரர்கள், கடைசியில் மானிகள். பிச்சை கேட்கக்கூடக் கூசி நெஞ்சுக்குள்ளேயே இளைத்துப்போகிறவர்கள். அவர்களைக் கண்டபோது மட்டும் "பதைத்தேன், துடித்தேன்" என்று சொல்லாமல் "இளைத்தேன்" என்கிறார். அவர்களுக்கு நடந்தது தனக்கும் நடந்ததாக.

இதை நான் ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது எங்கள் வீட்டில் நான் பார்த்தது இதைத்தான். அம்மா யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா "சாப்டாச்சா" என்று கேட்டால் ஆச்சு என்பாள். அடுப்பு எரியாத நாளிலும் வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துப் புகை வரச் செய்வாள், தெரு பார்க்கும் என்று. பெரியவனான பிறகு ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் மானமுள்ள ஏழை வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிப்பதை அவர் எழுதியிருந்ததைப் படித்தபோது, நேற்று முழுக்க நம்மைத் தின்ற பசி இன்றைக்கும் வருமே என்று அந்த ஆள் மனசுக்குள் புலம்புகிற இடத்தில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

16 ஜனவரி

விளக்கைப் பற்றி விடாமல் கேட்கிறார்கள். கருங்குழியில் ரெட்டியார் வீட்டில் இருந்த காலத்தில், எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்ற விளக்கு விடிய விடிய எரிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. நம்புகிறவர்கள் நம்பட்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதிய பாட்டுகளே எனக்குப் போதும்.

19 ஜனவரி

வள்ளலார் பாட்டுகளைத் திருவருட்பா என்று சொல்வதை எதிர்த்த யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை ஒருவர் வில்லனாக்கி எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நாவலர் 1822, வள்ளலார் 1823. ஒரே தலைமுறை. பெரியபுராணத்தை எல்லாரும் படிக்கிற வசனமாக 1852லேயே அச்சில் கொண்டுவந்தவர் நாவலர். அவருடைய ஆட்சேபத்தை அவர் இடத்திலிருந்து பாருங்கள். திருமுறை என்றால் பன்னிரண்டு, அது முடிந்துபோன வரிசை. அருட்பா என்பது தேவார திருவாசகத்துக்கு உரிய பேர். நேற்று எழுதின பாட்டுக்கு அந்தப் பேரை வைத்து, திருமுறை என்று பகுத்து, கோயிலிலும் பாடினால் ஒரு சைவருக்கு உறுத்தாதா? போலியருட்பா மறுப்பு எழுதினார், 1869ல் வழக்கு மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனது. இவர்கள் இருவரும் போன பிறகும் கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பா பக்கம் என்று சண்டை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்காக மேடை மேடையாகப் பேசினார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நாவலர் கோபப்பட்ட அந்தப் பேர்கள் எதையும் வைத்தவர் வள்ளலார் இல்லை. திருவருட்பா என்று பேரிட்டு, திருமுறைகளாக வகுத்து, 1867ல் முதல் நான்கை அச்சிட்டவர் தொழுவூர் வேலாயுத முதலியார். வள்ளலாருக்குப் பாட்டை அச்சிடுவதிலேயே விருப்பம் இல்லை. அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாட்டுகள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று இருந்துவிட்டார். அதற்குத்தான் இவர் இறங்கி வந்தார். ஒருத்தர் அரைப்பட்டினி கிடப்பதைப் பொறுக்காமல் சம்மதித்த புத்தகம் அது.

19 ஜனவரி, தொடர்ச்சி

அதே இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். புத்தகத்தில் தன்னை இராமலிங்கசாமி என்று போடுவது தனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரத்துக்கு அடுத்த பேராகத் தோன்றுகிறது, அப்படி வழங்காமல் இருக்க வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டது சிதம்பரம் இராமலிங்கம் என்றுதான். இப்போது அவர் பேருக்கு முன்னால் எத்தனை பட்டம் ஒட்டுகிறோம்! சரி, நானே வள்ளலார் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அது ஊர் அன்பாக வைத்த பேர். ஆனால் போஸ்டர்களில் வருகிற அடைமொழிகளைப் பார்க்கும்போது அந்தக் கடிதம் ஞாபகம் வந்து மனசு கஷ்டப்படுகிறது.

22 ஜனவரி

"அவர் இந்துவா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்கு:

ஒரே வரியில் சொல்ல முடியாது. கந்தகோட்டத்தில் "ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்" என்று உருகிய பையனும் அவர்தான், திருவொற்றியூருக்கு நடந்துபோய் தியாகேசரைப் பாடியவரும் அவர்தான், சிதம்பரத்தை விடாமல் நினைத்தவரும் அவர்தான். 1873 அக்டோபர் 22ல் வடலூருக்குப் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, சைவத்தில் எனக்கிருந்த லட்சியம் இவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது, அது இப்போது எப்படிப் போய்விட்டது பார்த்தீர்களா என்று கேட்டவரும் அவர்தான். வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார். "கண்மூடிப் பழக்கமெலாம் மண்மூடிப் போக" என்று பாடினார். பின்னால் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பக்தனை மறைப்பவர்களும் இருக்கிறார்கள், கந்தகோட்டத்தை மட்டும் பாடிவிட்டு மேட்டுக்குப்பத்தை அமுக்குபவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது வருஷம் ஒரு மனிதர் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். அந்த நகர்வைப் படியுங்கள்.

இதில் எனக்கு வியப்பானது, எல்லாம் மாறியும் பசி மட்டும் அவர் பேச்சில் மாறவே இல்லை என்பது.

27 ஜனவரி

சங்கடமான கேள்வி ஒன்று வந்திருக்கிறது. அதற்குத்தான் இத்தனை நாள் யோசித்தேன். "அவ்வளவு கருணை என்றால், ஞானசபை வாசலில் கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே புக வேண்டும் என்று ஏன்? கறி சாப்பிடுகிறவன் மனிதன் இல்லையா?"

மழுப்ப விரும்பவில்லை. அந்த விஷயத்தில் அவர் கடுமையானவர். "உயிர்க்கொலையும் புலைப்பொசிப்பும் உடையவர்கள் எல்லாம் உறவினத்தார் அல்லர், அவர் புறஇனத்தார்" என்றே பாடியிருக்கிறார். நான் மீன் குழம்பு மணக்கிற வீட்டில் வளர்ந்தவன். அந்த வரியை முதலில் படித்தபோது வாசலில் நிறுத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. நம் நாட்டில் யார் வாசலில் நின்றார்கள், யார் உள்ளே போனார்கள் என்பதற்குச் சாப்பாடு எவ்வளவு காலம் சாக்காக இருந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். அவர் சாதியை மனதில் வைத்துச் சொல்லவில்லை, சாதியும் சமயமும் பொய் என்று பாடியவர் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் உண்மைதான், ஆனாலும் முழுசாகப் போதாது.

ஆனால் அதே பாட்டில் அடுத்து வருவதையும் படியுங்கள். அவர்க்கு "பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக" என்கிறார். கோடு போட்டு வெளியே நிறுத்திய ஆளுக்கும் பசி என்று வந்துவிட்டால் சோறு போட்டே ஆகவேண்டும். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இன்னும் வெளிப்படையாக, பசித்தவரிடம் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்காமல் பசியை நீக்கச் சொல்கிறார். சபைக்கு நிபந்தனை உண்டு, சாலைக்குக் கிடையாது. இரண்டையும் ஒரே ஆள்தான் கட்டினார். அதனால்தான் தலைப்பில் இருக்கிற கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

28 ஜனவரி

"அப்படியானால் சபை தேவையில்லை என்கிறீர்களா?" இல்லை. ஏழு திரை, கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு, அதற்குப் பின்னால் கண்ணாடியும் ஜோதியும். சிலை இல்லை, கற்பூரத் தட்டு நீட்டுவார் இல்லை. 1872ல் இதை ஒருவர் நினைத்துக் கட்டியது சின்ன விஷயமா? உள்ளே சுத்தம் செய்யப் போகிறவர்கள்கூட 12 வயதுக்கு உட்பட்டவர்களாகவோ 72 வயதுக்கு மேற்பட்டவர்களாகவோ இருக்க வேண்டும் என்று விதி எழுதினார். ஆசை தொடங்காத வயசு, ஆசை அடங்கிய வயசு என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்பேர்ப்பட்ட இடத்தில் பிற்காலத்தில் லிங்க பூஜை நுழைந்து, அது அவர் கொள்கைக்கு ஏற்றதல்ல என்று நிலைநாட்ட 2010ல் உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. பழையபடி ஆக்கிவிடுவார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கும்போல. கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம் என்றாரே.

3 பிப்ரவரி

மறைந்த விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

1874 ஜனவரி 30. மேட்டுக்குப்பம் சித்தி வளாகம். பத்துப் பதினைந்து நாள் உள்ளே இருக்கப்போகிறேன், பார்த்து அவநம்பிக்கை அடையாதீர்கள், ஒருவேளை திறந்து பார்த்தாலும் வெறும் வீடாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 1878ல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட மேனுவலில் கார்ஸ்டின் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதைப் பதிந்திருக்கிறார். அவர் அறைக்குள் போனதையும், பிறகு காணப்படாததையும், இறைவனோடு ஒன்றாகிவிட்டார் என்று அன்பர்கள் நம்புவதையும் எழுதுகிறார். நான்கே வருஷம் கழித்து எழுதிய அரசாங்கப் பதிவு அது.

கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கட்சி, ஒளியுடம்பானார் என்று ஒரு கட்சி. கொலை என்பவர்கள் இதுவரை என் முன்னால் ஓர் ஆதாரமும் வைக்கவில்லை, ஊகத்தை அழுத்திச் சொன்னால் ஆதாரமாகிவிடாது. ஒளி என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன், என் பாட்டி அதை நம்பித்தான் கண்ணை மூடினாள். நான் கேட்பது வேறு. மறைவதற்கு முன்னால் அவர் செய்தது என்ன? உள்ளே எரிந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதைத் தடைபடாமல் ஆராதியுங்கள் என்றார். "நினைந்து நினைந்து உணர்ந்து உணர்ந்து" என்று தொடங்கும் 28 பாடல்களில் சொன்னபடி தெய்வத்தைப் பாவிக்கச் சொன்னார். நம்மை விளக்கின் பக்கம் திருப்பிவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார். நாமோ நூற்றைம்பது வருஷமாகச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

12 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசம். போய்விட்டு வந்தேன். காலை ஆறு மணி ஜோதி தரிசனத்துக்கு நெருங்கவே முடியவில்லை, தலைகளுக்கு மேலே திரை விலகுவது ஓர் இமைப்பொழுது தெரிந்தது, "அருட்பெருஞ்ஜோதி" என்று கூட்டம் முழங்கியது, அவ்வளவுதான். அப்புறம் சாலைக்கு வந்து பரிமாறப் போனேன்.

வரிசையில் ஓர் ஆள், வயசு ஐம்பது இருக்கும். சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது, பையில் பேனா. தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் சாதக் கரண்டியோடு நின்றபோது வேண்டும் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. இலையின் மேல் இருந்த கையை மட்டும் மெதுவாக ஓரமாக நகர்த்தினார். போட்டேன். திரும்பி வந்தபோதும் அதே மாதிரி கை நகர்ந்தது. யார், எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. அந்த வழக்கம் இல்லாததுதான் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது.

12 பிப்ரவரி, இரவு

"திருவிழா நாளில் பத்து இடத்தில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறார்களே, அதுவும் இதே தானே" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், செய்யட்டும். ஆனால் பூசத்தன்று வடலூரில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள், நடக்கிற தூரத்துக்கு ஒரு பொட்டலம் கையில் திணிக்கிறார்கள். பாதி தின்றுவிட்டுப் போட்ட பொட்டலங்கள் ரோட்டோரம் கிடந்ததை நேற்றும் பார்த்தேன். ஈரல் கரைகிறது என்று எழுதிய மனிதரின் ஊரில் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

14 பிப்ரவரி

ஞானசபையைச் சுற்றியிருக்கிற திறந்த நிலமான பெருவெளியின் விவகாரம் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நிலம் பார்வதிபுரம் ஊர்மக்கள் மனமுவந்து அவருக்குக் கொடுத்தது, ஏறத்தாழ 80 காணி. 2024ல் அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டியபோது எதிர்த்து நின்றதும் அதே ஊர்க்காரர்கள்தான். மையம் வேண்டாம் என்று அவர்களில் பலர் சொல்லவில்லை, வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார்கள். நான் அவர்கள் பக்கம். தைப்பூசத்தன்று அந்த வெட்டவெளி முழுக்க மனிதர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது வெற்றிடம் என்று தோன்றாது. அவர் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அரசு அறிவித்ததில் எனக்கு மகிழ்ச்சி, அதையும் சொல்லியாக வேண்டும்.

2 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, ஜீவகாருண்ய ஒழுக்கம் படித்து முடித்துவிட்டதாகவும், "புறஇனத்தார்" என்பதை மட்டும் தன்னால் ஏற்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஏற்க வேண்டாம். எனக்கும் அந்தச் சொல் இன்னும் செரிக்கவில்லை. ஆனால் அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டதற்கு: அருட்பெருஞ்ஜோதி அகவலுக்கு இப்போதே போகாதீர்கள், அது 1596 அடி, மூச்சு வேண்டும். பிள்ளைப் பெருவிண்ணப்பத்தை எடுங்கள். வாடிய பயிர் அதில்தான் வருகிறது. ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்குக் கொஞ்சமாக, வாய்விட்டுப் படியுங்கள். சாலைக்கு அரிசி கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், பருப்பும் காய்கறியும்கூட வாங்கிக்கொள்வார்கள். பூசத்தன்று வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் கொண்டுவருவார்கள்.